கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு: வழியில் பறவையும் விலங்கும் பார்க்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுபவர்களில் பெரும்பாலோர் கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாகவே போகிறார்கள். குஞ்சப்பனை, அரவேனு, கோத்தகிரி, கட்டபெட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் இன்னொரு சாலையும் இருக்கிறது. காரில் குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்தச் சாலையைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

நேர்வழி இருக்கும்போது எதற்குச் சுற்ற வேண்டும்?

ஊட்டியை எட்டிப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் சுற்ற வேண்டியதில்லை. வழியில் எதையாவது பார்க்க வேண்டும் என்றால் இந்தச் சாலைக்கு இணை குறைவு. குன்னூர் வழியைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல். நெரிசலோ பாதிகூட இல்லை.

முக்கியமான காரணம் உயரம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் அளவில் இருக்கிறது. கோத்தகிரியைத் தாண்டி தொட்டபெட்டா சந்திப்புக்கு வரும்போது இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். அடிவாரத்தில் முள்மரங்களும் வறண்ட புதர்க்காடும், நடுவில் பலாவும் காப்பியும் கலந்த ஈரக்காடு, மேலே தேயிலையும் சோலை எனப்படும் உயர்மலைக் காடும் என்று ஒரே காலைப் பொழுதில் மூன்று காடுகளைக் கடக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பறவைகள் உண்டு. கீழே பார்த்த மயில் மேலே இல்லை, மேலே பார்க்கும் நீலகிரி ஈப்பிடிப்பான் கீழே இல்லை.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது?

மேட்டுப்பாளையத்தை விடிந்தும் விடியாத நேரத்தில், ஆறு மணி வாக்கில் விட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அடிவாரக் காடு அடங்கிவிடும், வண்டிகள் கூடிவிடும். கோயம்புத்தூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் புறப்படலாம் என்று திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் குரங்குகளை மட்டும் பார்த்துவிட்டு ஊட்டி போய்ச் சேர்கிறார்கள். இட்லியைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்குப் போனதும் சுடச்சுடத் தேநீரும் வர்க்கியும் கிடைக்கும்.

இருட்டில் ஏற வேண்டாம். இரவில் போனால் விலங்கு தென்படும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தென்படும்தான், வளைவு திரும்பியதும் முகப்பு விளக்குக்கு மூன்றடி முன்னால். அது உங்களுக்கும் நல்லதில்லை, அதற்கும் நல்லதில்லை.

இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரம்பும் சேர்ந்தது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. அரசின் இ-பாஸ் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து, செல்போனில் படமாகச் சேமித்து வையுங்கள். விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாவட்டம் முழுவதும் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும்.

அடிவாரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பவானி ஆற்றைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் வரை மெதுவாகப் போங்கள். மயில் நிச்சயம். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பாகத் தெரிவது, பறக்கும்போது இறக்கையில் இரண்டு நீலங்களை விரித்துக் காட்டும். சாலையோரச் சருகுகளை ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் கூச்சலோடு புரட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அவற்றின் பின்னாலேயே கரிச்சானும் மற்ற பூச்சி தின்னிகளும் வரும், கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க.

ஏற ஏற, "குட்ரூ குட்ரூ" என்று விடாமல் ஒரு குரல் கேட்கும். அது குக்குறுவான். குரல் எல்லா மரத்திலிருந்தும் வரும், பறவையோ எந்த மரத்திலும் தெரியாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நீரோடை சாலையைக் கடக்கும் சிறு பாலங்களில் கண்ணாடியை இறக்கி வையுங்கள். யாரோ வேலையற்றவர் இலக்கில்லாமல் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் மெட்டு ஒன்று கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. கருநீல உடல், நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்ற நீலத் திட்டு. ஈரப் பாறையில் அல்லது பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் விடியலுக்கு முன்பே பாடத் தொடங்கிவிடும்.

யானை குறுக்கே நின்றால் என்ன செய்வது?

இந்தச் சாலையில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. குஞ்சப்பனை, மாமரம் ஆகிய ஊர்ப் பகுதிகளில் பலா காய்க்கும் காலத்தில், குறிப்பாக ஏப்ரல் முதல் ஜூலை வரை, சமவெளிக் காட்டிலிருந்து யானைகள் ஏறி வருகின்றன. பலாப்பழ வாசனை உங்கள் மூக்குக்கு எட்டினால், யானைக்கு எப்போதோ எட்டியிருக்கும்.

தூரத்தில் பார்த்தவுடன் நிறுத்துங்கள். ஐம்பது மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும், நூறு இருந்தால் நல்லது. ஹாரன் அடிக்கக்கூடாது, விளக்கை மின்ன வைக்கக்கூடாது, கீழே இறங்கவே கூடாது. பின்னால் வண்டி வராவிட்டால் மெல்ல ரிவர்ஸ் எடுக்கலாம். வளைவாக இருந்தால் அபாய விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

யானையின் மனநிலையை அதன் உடலே சொல்லும். காதை விசிறிக்கொண்டு, தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறித் தின்றுகொண்டிருந்தால் அது தன் வேலையில் இருக்கிறது. தின்பதை நிறுத்தி, காதை இருபக்கமும் விரித்தபடி அசையாமல் உங்களையே பார்த்தால், நீங்கள் நிற்கும் இடம் அதற்குப் பிடிக்கவில்லை. அப்போதே பின்வாங்க வேண்டும். குட்டி இருக்கும் கூட்டம் சாலையைக் கடந்தால் கடைசி யானை போனதாக நினைத்து உடனே நகராதீர்கள். புதருக்குள் இன்னும் ஒன்று நிற்கும்.

ஒரு நல்ல வழி: முன்னாலோ பின்னாலோ அரசு பஸ் வரும்வரை காத்திருப்பது. அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும், அங்கே நடமாடும் யானையும் ஏறக்குறையத் தெரியும். அவர் நின்றால் நில்லுங்கள், அவர் நகர்ந்தால் நகருங்கள். அவரை முந்திப் போய் வீடியோ எடுக்கும் கார்களால்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது.

வண்டியை எங்கே நிறுத்தலாம்?

கொண்டை ஊசி வளைவில் ஒருபோதும் இல்லை. ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம், அதை நீங்கள் மறித்தால் பறவை பார்க்கும் ஆர்வம் என்று யாரும் மன்னிக்க மாட்டார்கள். தேநீர்க் கடைகள், காட்சிமுனைகள், ஊர்ப் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய அகலமான ஓரங்கள் ஆகியவை போதும். இஞ்சினை நிறுத்திவிடுங்கள். இஞ்சின் ஓடினால் பாதிப் பறவைகளின் குரல் கேட்காது. காருக்குள் பாட்டு ஓடினால் மீதியும் கேட்காது.

குரங்குகளுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

கூடாது. சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிப் படம் எடுக்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. தின்பண்டத்துக்குப் பழகிய நாட்டுக் குரங்கு சாலையிலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபடுகிறது, அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கவும் துணிகிறது. வன விலங்குகளுக்கு உணவு கொடுத்தால் வனத்துறை அபராதம் விதிக்கும். அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய குரங்கு வேறு. சோலை ஓரத்து உயர்ந்த மரங்களில் உடல் முழுக்கக் கறுப்பும் தலையில் மட்டும் பொன்பழுப்பு முடியுமாக இருப்பது கருமந்தி. சாலைக்கு வந்து கையேந்தாது. அடித்தொண்டையிலிருந்து "ஹூ... ஹூ" என்று ஒன்று குரல் கொடுத்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.

காட்டெருமையைப் பார்க்க முடியுமா? அருகில் போகலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: அரவேனுவிலிருந்து கோத்தகிரி வரையும் அதைத் தாண்டியும் தேயிலைத் தோட்டங்களில் கவனித்துக்கொண்டே வந்தால் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. இரண்டாவதற்கு: கூடாது.

இடுப்பளவுத் தேயிலைச் செடிகளுக்கு மேலே கரும்பாறைபோல் ஏதோ தெரியும். பாறை நகர்ந்தால் அதுதான். முழங்காலுக்குக் கீழே நான்கு காலிலும் வெள்ளை, கழுத்திலிருந்து முதுகின் பாதிவரை எழுந்து நிற்கும் திமில் மேடு, கொம்புகளுக்கு நடுவே சாம்பல் நெற்றி. நன்கு வளர்ந்த ஆண் எண்ணெய் தேய்த்ததுபோல் கருமையாக மின்னும், எடை ஒரு டன் வரை போகும். பெண்ணும் கன்றும் பழுப்பு. குளிர்ந்த காலையில் மூக்கிலிருந்து ஆவி கிளம்புவதும், முதுகில் காட்டு மைனா ஏறி இறங்கி உண்ணி பொறுக்குவதும் பைனாகுலரில் தெளிவாகத் தெரியும். காட்டெருமை தேயிலையைத் தின்பதில்லை. செடிகளுக்கிடையே வளரும் புல்லையும் களையையும் தேடி வருகிறது. காட்டுக்குள் இருந்த புல்வெளிகளில் உண்ணிச்செடியும் சீகை மரமும் ஏறிவிட்டதால் அதற்கு மேய்ச்சல் குறைந்துவிட்டது.

மாடுபோல் சாதுவாக நிற்கிறதே என்று செல்போனை நீட்டிக்கொண்டு போவதுதான் ஆபத்து. தோட்டத் தொழிலாளர்கள் காட்டெருமை முட்டி உயிரிழந்த செய்திகள் நீலகிரியில் அவ்வப்போது வருகின்றன. தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உருவத்தையும் காட்டினாலோ, பலமாக மூச்சை விட்டாலோ அது உங்களை விலகச் சொல்கிறது. காருக்குள்ளேயே இருங்கள்.

கரடி, சிறுத்தை?

கோத்தகிரிக்காரர்களைக் கேட்டால் கரடியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்க வந்தது, பேக்கரிக் கதவை உடைத்தது என்று. அவை உண்மைதான். ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் இரவில் நடப்பவை. சிறுத்தையும் அப்படியே. பகலில் சாலையில் தென்பட்டால் உங்கள் அதிர்ஷ்டம், திட்டம் போட்டு வர முடியாது.

புலி, வரையாடு?

இந்தச் சாலையில் இல்லை. வரையாட்டுக்கு முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் உயர்ந்த புல்வெளிகள், புலிக்கு முதுமலை. இரண்டும் வேறு பயணங்கள்.

லாங்வுட் சோலை என்கிறார்களே, அது எங்கே?

கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டரில், சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் இருக்க, நடுவே தப்பிப் பிழைத்த 116 ஹெக்டேர் சோலைக்காடு. கீழே உள்ள ஊர்களுக்கு அதுதான் குடிநீர் ஊற்று. 2024 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து இதையும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், அறிவித்தார்கள்.

காப்புக்காடு என்பதால் கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அனுமதி கிடைக்காத நாளிலும் ஏமாற்றம் இல்லை. சோலையின் ஓரமாகச் செல்லும் சாலையில் மெல்ல நடந்தாலே பாதிப் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

இங்கே அவசரப்படுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. சோலைக்குள் வெளிச்சம் குறைவு, மரங்கள் குட்டையாக, கிளை முறுக்கி, பாசி போர்த்தி நிற்கும். ஓர் இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். முதலில் பூச்சி ரீங்காரம் போன்ற மெல்லிய ஒலி தரைக்கு அருகில் கேட்கும். பிறகு புதரின் அடிக்கிளையில் ஆரஞ்சு நிறம் ஒன்று அசையும். கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் அது. ஆணுக்குத் தலையும் இறக்கையும் கன்னங்கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. கிளையிலிருந்து தரைக்கு ஒரு தாவல், ஏதோ ஒரு சிறு பூச்சி, மீண்டும் அதே கிளை. பயமில்லாத பறவை. நீங்கள் அசையாமல் இருந்தால் நாலைந்து அடி தூரத்தில் தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களைவிட்டு வேறெங்கும் அது இல்லை.

கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரே பறவை எது?

என்னைக் கேட்டால் நீலகிரி சிரிப்பான். முதலில் சிரிப்புத்தான் கேட்கும்: ஒன்று தொடங்க, கூட்டமே சேர்ந்துகொள்ளும். செம்பழுப்பு நெஞ்சு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். சோலை ஓரங்களிலும் தோட்டத்து வேலிகளிலும் தவிட்டுப்பழம் போன்ற சிறு கனிகளைக் கொத்திக்கொண்டிருக்கும். கோத்தகிரியில் தவறவிட்டாலும் ஊட்டிக்குப் போகும் வழியில் தொட்டபெட்டா சாலையின் இரு பக்கத்துச் சோலைகளில் மீண்டும் வாய்ப்பு உண்டு.

இந்த இனம் நீலகிரியையும் அதை ஒட்டிய உயரங்களையும் தாண்டிப் போவதில்லை. கொடைக்கானலில் நீங்கள் பார்ப்பது பழனிமலைச் சிரிப்பான், அது வேறு இனம். இடையே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான் காரணம். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்ந்த, வெப்பமான இடைவெளியைக் குளிர்மலைப் பறவைகள் கடப்பதில்லை. அதனால் வடக்கிலும் தெற்கிலும் பிரிந்து போன கூட்டங்கள் காலப்போக்கில் தனித்தனி இனங்களாகிவிட்டன. சோலைத் தரையில் திரியும் சோலைக்கிளி என்ற சிறு நீலப் பறவைக்கும் இதே கதைதான்: கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே இன்னொன்று.

கோடநாடு காட்சிமுனைக்குப் போவது வீண் சுற்றா?

கோத்தகிரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் அளவு. அரசியல் செய்திகளில் அடிபட்ட பெயரை மறந்துவிட்டுப் போங்கள். மலை அங்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா ஊரின் வயல்கள், எதிரே ரங்கசாமி மலை, அப்பால் சத்தியமங்கலம் காடு.

அங்கே பார்க்க வேண்டியது பாறுக் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழும் முக்கியமான இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய சீகூர் பகுதியும்தான். வெண்முதுகுப் பாறு ஆற்றோர மருத மரங்களில் கூடு வைக்கும், கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளில். ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்த இந்தப் பறவைகள் தொண்ணூறுகளில் கொத்துக் கொத்தாக அழிந்தன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015இல் குப்பியின் அளவையும் குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்கும் தடை வந்தது.

நேரம்தான் இங்கே முக்கியம். பாறு கனமான பறவை, வெயில் ஏறி வெப்பக் காற்று மேலெழும்பினால்தான் வட்டமிடும். ஆகவே ஒன்பது மணிக்கு முன்பு போய்ப் பயனில்லை. மதியத்துக்கு மேல் பனிமூட்டம் வந்து பள்ளத்தாக்கையே மூடிவிடலாம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம்.

வட்டமிடுவதெல்லாம் பாறு ஆகிவிடாது. அகலமான பலகை இறக்கை, இறக்கை நுனியில் விரல்போல் பிரிந்த சிறகுகள், சின்னத் தலை, குட்டை வால் என்றால் பாறு. கீழிருந்து பார்க்கையில் இறக்கையின் முன்பாதி வெள்ளையாகவும் பின்பாதி கறுப்பாகவும் இருந்தால் வெண்முதுகுப் பாறு. இறக்கையின் பின்விளிம்பை ஒட்டி வெள்ளைப் பட்டை ஒன்று ஓடி, பறவை உரக்கக் கூவிக்கொண்டும் இருந்தால் அது பாம்புக் கழுகு. முழுக் கறுப்பாக, மஞ்சள் கால்களோடு, மரங்களின் தலையை உரசுவதுபோல் மெதுவாக மிதந்து போனால் கருங்கழுகு, கூடுகளைத் துழாவி முட்டையும் குஞ்சும் திருடப் போகிறது.

பைனாகுலர் வாங்க வேண்டுமா? செயலிகள் உதவுமா?

8x42 என்று குறித்த பைனாகுலர் ஒன்று போதும். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, சோலையின் மங்கலிலும் வெளிச்சம் தரும். அதற்கு மேல் பெருக்கம் போனால் கை நடுங்கும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், இணையம் இல்லாமலும் இயங்கும்படி முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சொல்வதை அப்படியே நம்பாமல் கண்ணாலும் சரிபாருங்கள். ஆனால் பறவையை வரவழைக்க அதன் குரலைச் செல்போனில் ஒலிக்கவிடும் பழக்கம் வேண்டாம். எல்லைக்குள் எதிரி புகுந்ததாக நினைத்து, கூட்டை விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும். மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகும் கொண்ட வாலாட்டிக் குருவி வளைவுக்கு வளைவு சாலையில் ஓடுவதைச் செப்டம்பரிலிருந்தே பார்க்கலாம். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் குளிர்காலத்தை நீலகிரியில் கழிக்க வருகிறது. கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பலமாகப் பெய்யும். நவம்பரில் மண்சரிவால் சாலை அடைபடுவது உண்டு, வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என் தேர்வு ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கார் இல்லை, பஸ்ஸில் போனால் ஒன்றும் தெரியாதா?

காரைவிட நன்றாகத் தெரியும். பஸ்ஸின் இருக்கை உயரம், ஓரத்துத் தடுப்புச் சுவருக்கு மேலே பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்கு வரும். ஓட்டும் கவலை இல்லை, இ-பாஸும் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் காலை முதல் பஸ்ஸில் சன்னலோரம் பிடித்துவிடுங்கள். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பது ஒன்றுதான் குறை.

திரும்பும்போதும் இதே வழியா?

கோடை நெரிசல் காலத்தில் ஒருவழிப் பாதை அறிவிப்பார்கள்: ஏறுவது குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக. அந்த வாரங்களில் மேலே சொன்ன வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். ஊட்டியில் தங்கி, விடியலில் தொட்டபெட்டா சோலை, எட்டு மணிக்கு லாங்வுட், பத்துக்குள் கோடநாடு, பிறகு இரண்டாவது கியரில் நிதானமாக இறக்கம். குஞ்சப்பனையை மாலை நான்கு மணிக்குள் தாண்டிவிடுங்கள், அதற்குப் பிறகு பலா மரங்களைத் தேடி யானைகள் வரத் தொடங்கும் நேரம்.